எல்கவ் ரிப்போர்ட் கோணலா வருதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சி, சி++ புராஜெக்ட்டில் டெஸ்ட் ஓடும்போது எந்த வரி ஓடியது, எது ஓடாமல் கிடக்கிறது என்று பார்க்க (இந்தக் கணக்கைத்தான் கவரேஜ் என்பார்கள்) லினக்ஸில் பலரும் நம்பியிருப்பது ஜிகவ், எல்கவ், ஜென்எச்டிஎம்எல் என்ற மூன்று கட்டளைகளை. ஜிகவ், ஜிசிசி கம்பைலரோடு கூடவே வருவது. எல்கவ் அதைச் சுற்றி பெர்லில் எழுதப்பட்ட உறை. ஜென்எச்டிஎம்எல் கடைசியில் பக்கங்களை வரைந்து தருகிறது. கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழெழுத்தில் கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் இரண்டு ஃபைல்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். --கவரேஜ் ஃபிளாக் போட்டுக் கம்பைல் செய்தால் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்திலும் ஒரு .ஜிசிஎன்ஓ விழும். அது வரைபடம்: எந்த வரி எந்தக் கிளையில் இருக்கிறது என்ற தகவல். புரோகிராம் ஓடி முடியும் தருணத்தில் .ஜிசிடிஏ விழும். அது எண்ணிக்கை. எல்கவ் இந்த இரண்டையும் ஜோடி சேர்த்து .இன்ஃபோ என்ற டெக்ஸ்ட் ஃபைலாக்குகிறது, அவ்வளவுதான். ரிப்போர்ட் தப்பாக வந்ததும் எல்கவ் ஆப்ஷன்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதே பலருக்கும் பழக்கம். அதற்கு முன், இந்த ஜோடி இருக்கிறதா, இரண்டும் ஒரே பில்டில் பிறந்தவையா என்று பாருங்கள். கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அங்கேயே பிடிபடும்.

ஒழுங்காக ஓடும் வரிசை இது:

ஜிசிசி -ஜி -ஓ0 --கவரேஜ் -சி வட்டி.சி
ஜிசிசி --கவரேஜ் வட்டி.ஓ டெஸ்ட்.ஓ -ஓ டெஸ்ட்
./டெஸ்ட்
எல்கவ் --கேப்சர் --டைரக்டரி . --அவுட்புட்-ஃபைல் டெஸ்ட்.இன்ஃபோ
ஜென்எச்டிஎம்எல் டெஸ்ட்.இன்ஃபோ --அவுட்புட்-டைரக்டரி ரிப்போர்ட்

முதல் வரியில் உள்ள -ஓ0 என்பது பெரிய ஓ, அதையடுத்து பூஜ்யம். இரண்டாம் வரியின் -ஓ சின்ன எழுத்து.

அறிகுறி: லிங்க் ஆகும்போதே “அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு __ஜிகவ்_இனிட்”

கம்பைலுக்கு --கவரேஜ் போட்டு, லிங்க்குக்குப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைச் சேமிக்கும் லிப்ஜிகவ் லைப்ரரி லிங்க் கட்டத்தில்தான் உள்ளே வரும். சிமேக் (பில்ட் கட்டளைகளை உருவாக்கித் தரும் கருவி) என்றால் ஆட்_கம்பைல்_ஆப்ஷன்ஸ் மட்டும் போதாது, ஆட்_லிங்க்_ஆப்ஷன்ஸ் வரியும் வேண்டும் (சிமேக் 3.13 முதல் உண்டு). -எல்ஜிகவ் என்று தனியாகச் சேர்ப்பவர்கள் லைப்ரரி வரிசையில் சிக்கிக்கொள்வதுண்டு. இரண்டு கட்டத்துக்கும் --கவரேஜ் என்ற ஒரே ஃபிளாக்கைப் போடுவது தலைவலி இல்லாத வழி.

அறிகுறி: “நோ .ஜிசிடிஏ ஃபைல்ஸ் ஃபவுண்ட்”

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். டெஸ்ட் எல்லாம் பச்சையாக வந்திருக்கும், ஆனால் எல்கவ் கையை விரிக்கும். படிப்படியாக வாருங்கள்.

பில்ட் ஃபோல்டரில் நின்று வரைபடங்களை எண்ணுங்கள்:

ஃபைண்ட் . -நேம் '*.ஜிசிஎன்ஓ' | டபிள்யூசி -எல்

பூஜ்யம் வந்தால் கம்பைலே --கவரேஜ் இல்லாமல் நடந்திருக்கிறது. மேக்ஃபைலில் சிஃபிளாக்ஸை மாற்றிய பிறகு மேக் கிளீன் செய்யாமல் விட்டால் இப்படி ஆகும், ஏனென்றால் ஃபிளாக் மாறியதை மேக் தானாகக் கவனிக்காது. சி++ ஃபைல்களுக்கு சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸில் போட வேண்டியதை சிஃபிளாக்ஸில் போட்டிருப்பதும் சகஜம்.

வரைபடம் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை என்றால், நீங்கள் ஓட்டிய பைனரி இந்த பில்டில் வந்ததுதானா என்று கேளுங்கள். .ஜிசிடிஏ எங்கே எழுதப்பட வேண்டும் என்ற முழுப் பாதையும் பைனரிக்குள்ளேயே பதிந்திருக்கும்:

ஸ்ட்ரிங்ஸ் ./டெஸ்ட் | கிரெப் ஜிசிடிஏ

ஒன்றும் வரவில்லை என்றால் அந்த பைனரியில் கவரேஜ் இல்லை. பாத் வேரியபிளில் முன்னால் நிற்கும் பழைய இன்ஸ்டால் பைனரி ஓடியிருக்கலாம். பாதை வந்தால் அதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பாதி விடை அதிலேயே இருக்கும். /பில்ட்/கடன்/ஆப்ஜ்/வட்டி.ஜிசிடிஏ என்று காட்டுகிறது, ஆனால் டெஸ்ட் ஓடிய மெஷினில் /பில்ட் என்ற ஃபோல்டர் உருவாக்க அனுமதி இல்லை என்றால் ஃபைல் எழுதப்படாது. டெஸ்ட்டின் எரர் அவுட்புட்டில் “புரொஃபைலிங்: ... கேனாட் ஓபன்” என்று ஒரு வரி போயிருக்கும். டெஸ்ட் ஃபிரேம்வொர்க் அதை விழுங்கிவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு கன்டெய்னரில் ரூட்டாக பில்ட் செய்து, இன்னொரு யூசராக ஓட்டும்போதும் இதே கதைதான்.

அப்போது பாதையைத் திருப்பிவிட இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்கள் உண்டு:

ஜிகவ்_பிரிஃபிக்ஸ்=/டெம்ப்/கவ் ஜிகவ்_பிரிஃபிக்ஸ்_ஸ்ட்ரிப்=1 ./டெஸ்ட்

ஸ்ட்ரிப் என்பது முன்னாலிருந்து எத்தனை ஃபோல்டரைக் கழற்ற வேண்டும் என்ற கணக்கு. 1 கொடுத்தால் /பில்ட் கழன்று, ஃபைல் /டெம்ப்/கவ்/கடன்/ஆப்ஜ்/வட்டி.ஜிசிடிஏ என்று போய் விழும். பிறகு அதை எடுத்து வந்து .ஜிசிஎன்ஓ இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டு எல்கவை ஓட்டுங்கள்.

பைனரியும் சரி, பாதையும் சரி, அனுமதியும் இருக்கிறது, இருந்தும் ஃபைல் இல்லை என்றால் புரோகிராம் எப்படி முடிந்தது என்பதில்தான் விஷயம். லிப்ஜிகவ் எண்ணிக்கையை டிஸ்க்கில் எழுதுவது எக்சிட் நேரத்தில். மெயின் ஃபங்க்ஷன் ரிட்டர்ன் ஆனாலும், எக்சிட்() அழைத்தாலும் எழுதும். _எக்சிட்(), அபார்ட்(), செக்மென்டேஷன் ஃபால்ட், கில் சிக்னல் என்றால் எழுதாது. ஓட்டிய கையோடு எக்கோ $? போடுங்கள். 134 என்றால் அபார்ட், 137 என்றால் கில், 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், 143 என்றால் டெர்ம் சிக்னல். அத்தனையும் 128 கூட்டல் சிக்னல் எண்.

சர்வர் வகைப் புரோகிராம்கள் 143-இலும் 137-இலும்தான் மாட்டுகின்றன. டெர்ம் சிக்னலுக்கு ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்க்ஷன்) எழுதாவிட்டால் கெர்னல் அப்படியே சாய்த்துவிடும், எக்சிட் வேலைகள் எதுவும் நடக்காது. டாக்கரில் இன்னும் ஒரு சிக்கல். கன்டெய்னரின் முதல் பிராசஸாக, அதாவது பிஐடி 1 ஆக ஓடுவதற்கு ஹேண்ட்லர் இல்லை என்றால் டெர்ம் சிக்னல் எட்டவே எட்டாது. டாக்கர் ஸ்டாப் 10 விநாடி காத்திருந்துவிட்டு கில் அனுப்பும், எண்ணிக்கை முழுக்கப் போய்விடும். டாக்கர் ஸ்டாப் ஒவ்வொரு முறையும் சரியாக 10 விநாடி இழுத்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஹேண்ட்லரில் ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டு, மெயின் லூப் அதைப் பார்த்து ஒழுங்காக வெளியே வரும்படி எழுதுங்கள். கவரேஜுக்காக மட்டுமல்ல, அது எப்படியும் இருக்க வேண்டியதுதான்.

அப்படி மாற்ற வழியே இல்லை என்றால், கோடிலேயே __ஜிகவ்_டம்ப்() அழைக்கலாம். பழைய கட்டுரைகளில் காணும் __ஜிகவ்_ஃபிளஷ்() ஜிசிசி 11-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் டம்ப், ரீசெட் என இரண்டு தனி ஃபங்க்ஷன்கள். ஷேர்டு லைப்ரரி ஒவ்வொன்றுக்குள்ளும் லிப்ஜிகவின் ஒரு நகல் தனியாக இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மெயின் புரோகிராமில் டம்ப் அழைத்துவிட்டு லைப்ரரியின் எண்ணிக்கையைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

கூகுள்டெஸ்ட் என்ற சி++ டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கின் டெத் டெஸ்ட்டால் (புரோகிராம் செத்து விழுவதையே சோதிக்கும் டெஸ்ட்) மட்டும் ஓடும் வரிகள் ரிப்போர்ட்டில் சிவப்பாகவே, அதாவது ஓடாதவையாகவே நிற்பதற்கும் காரணம் இதுவே. சாகும் சைல்ட் பிராசஸ் எண்ணிக்கையை எழுதிவிட்டுச் சாவதில்லை.

அறிகுறி: “வட்டி.ஜிசிஎன்ஓ: கேனாட் ஓபன் நோட்ஸ் ஃபைல்”

ஜிகவை நேரடியாக ஓட்டுபவர்களுக்கு வருவது. ஜிசிசி 11 முதல், கம்பைலையும் லிங்க்கையும் ஒரே கட்டளையில் செய்தால் வரைபடத்தின் பெயருக்கு முன்னால் பைனரியின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வட்டி.ஜிசிஎன்ஓ அல்ல, டெஸ்ட்-வட்டி.ஜிசிஎன்ஓ. சிமேக்கில் அது வட்டி.சி.ஜிசிஎன்ஓ. எல்எஸ் போட்டு உண்மைப் பெயரைப் பார்த்து ஜிகவுக்கு அதையே கொடுங்கள், அல்லது -சி போட்டுத் தனியாகக் கம்பைல் செய்யுங்கள்.

அறிகுறி: “வெர்ஷன் ‘ஏ94*’, பிரிஃபர் ‘பி14*’”

கம்பைல் செய்த ஜிசிசி ஒன்று, படிக்கும் ஜிகவ் வேறொன்று. இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் ஊகிக்கவே வேண்டாம். முதல் எழுத்து பத்தாம் இடம் (ஏ என்றால் 0, பி என்றால் 1), அடுத்தது ஒன்றாம் இடம், அதற்கடுத்தது மைனர் எண். ஏ94 என்றால் ஜிசிசி 9.4. பி14 என்றால் 11.4. ‘408*’ என்று வந்தால் கம்பைல் செய்தது ஜிசிசியே அல்ல, கிளாங் என்ற வேறு கம்பைலர்.

எச்சரிக்கைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஃபார்மேட் வேறாக இருப்பதால் ஜிகவ் குப்பையைப் படிக்கும், சில சமயம் அபத்தமான அளவு மெமரி கேட்டு விழும். எல்கவ் 2 இதை எரராகவே நிறுத்திவிடுகிறது, நல்லதுதான்.

எல்கவ் --ஜிகவ்-டூல் ஜிகவ்-9 --கேப்சர் --டைரக்டரி . --அவுட்புட்-ஃபைல் டெஸ்ட்.இன்ஃபோ

கிளாங் என்றால் எல்எல்விஎம்-கவ் கட்டளைக்கு ஜிகவ் என்ற துணைக் கட்டளை உண்டு. இரண்டு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, எக்செக் எல்எல்விஎம்-கவ் ஜிகவ் "$@" என்று வைத்து, எக்சிகியூட் அனுமதி கொடுத்து, அதன் முழுப் பாதையை --ஜிகவ்-டூலுக்குக் கொடுங்கள்.

அறிகுறி: “ஸ்டாம்ப் மிஸ்மேட்ச் வித் நோட்ஸ் ஃபைல்”

ஜோடி பிரிந்துவிட்டது. ஒவ்வொரு கம்பைலும் வரைபடத்தில் ஒரு முத்திரை எண்ணைப் பதிக்கும், அதே எண் எண்ணிக்கை ஃபைலிலும் இருக்க வேண்டும். டெஸ்ட் ஓடியபின் சோர்ஸை மாற்றி மறுபடி கம்பைல் செய்தால் .ஜிசிஎன்ஓ புதிதாகிவிடும், ஆனால் பழைய .ஜிசிடிஏ அங்கேயே கிடக்கும். கம்பைலர் அதை அழிப்பதில்லை.

எல்கவ் --ஜீரோகவுன்டர்ஸ் --டைரக்டரி .

பெயரைப் பார்த்து எண்களைப் பூஜ்யமாக்குகிறது என்று நினைக்க வேண்டாம், .ஜிசிடிஏ ஃபைல்களையே அழிக்கிறது. அழித்துவிட்டு டெஸ்ட்டை மறுபடி ஓட்டுங்கள். டெஸ்ட்டை ஓட்டும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியாகவே இதை வைத்துவிடலாம். எண்ணிக்கை ஓட்டத்துக்கு ஓட்டம் கூடிக்கொண்டே போகும் என்பதால், அழிக்காவிட்டால் நேற்று ஓடிய வரி இன்றும் பச்சையாகத் தெரியும்.

சிஐ சர்வரில் (பில்டையும் டெஸ்ட்டையும் தானாக ஓட்டும் சர்வர்) மட்டும் இது வந்தால், இரண்டு இடங்களைப் பாருங்கள். டெஸ்ட் வேலை முடிந்து ரிப்போர்ட் வேலை தொடங்கும்போது பில்ட் இன்னொரு முறை ஓடுகிறதா? கேஷிலிருந்து எடுத்த பில்ட் ஃபோல்டரில் வேறு வேலையின் மிச்சம் கிடக்கிறதா?

அறிகுறி: நேற்று வரை ஓடிய ஸ்கிரிப்ட், எல்கவ் 2 வந்ததும் எரர் மழை

உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியவர்கள் பலரும் இதைச் சந்தித்தார்கள். 1.x கண்டும் காணாமல் விட்ட பலவற்றை 2.x நிறுத்திக் கேட்கிறது. எரரின் முன்னால் அடைப்புக்குறியில் அதன் வகைப் பெயர் இருக்கும்: அன்யூஸ்டு, மிஸ்மேட்ச், நெகடிவ், சோர்ஸ் என்று.

“கான்ட் லொகேட் கேப்சர்/டைனி.பிஎம்” அல்லது டேட்டைம்.பிஎம் என்று வந்தால் பெர்ல் மாட்யூல் குறைகிறது. ஆப்ட் வழியாக லிப்கேப்சர்-டைனி-பெர்ல், லிப்டேட்டைம்-பெர்ல் பேக்கேஜ்களைப் போட்டால் தீர்ந்தது.

(அன்யூஸ்டு) என்றால் நீங்கள் நீக்கச் சொன்ன பாட்டர்னில் ஒரு ஃபைலும் சிக்கவில்லை. பெரும்பாலும் மேற்கோள்குறி இல்லாத குறைதான். /யூஎஸ்ஆர்/* என்று வெறுமனே எழுதினால் ஷெல் அதை /யூஎஸ்ஆர்/பின், /யூஎஸ்ஆர்/லிப் என்று விரித்துக் கொடுத்துவிடும், எதுவும் பொருந்தாது. 1.x காலத்தில் “டெலீட்டட் 0 ஃபைல்ஸ்” என்ற வரியை யாரும் படிக்காமல், ரிப்போர்ட்டில் ஸ்டாண்டர்டு லைப்ரரி ஹெட்டர்களும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. சரியான வடிவம்:

எல்கவ் --ரிமூவ் டெஸ்ட்.இன்ஃபோ '/யூஎஸ்ஆர்/*' '*/டெஸ்ட்ஸ்/*' --அவுட்புட்-ஃபைல் சுத்தம்.இன்ஃபோ

(மிஸ்மேட்ச்) என்று “மிஸ்மேட்ச்டு எண்ட் லைன்” வந்தால், கூகுள்டெஸ்டின் மேக்ரோக்கள் விரியும் இடங்களில் ஃபங்க்ஷன் முடியும் வரியைப் பற்றிக் கிடைத்த தகவல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். டெஸ்ட் ஃபைல்களில் மட்டும் வந்தால் --இக்னோர்-எரர்ஸ் மிஸ்மேட்ச் போடலாம், தவறில்லை. ஒரே பெயரை இரண்டு முறை, மிஸ்மேட்ச்,மிஸ்மேட்ச் என்று கொடுத்தால் எச்சரிக்கை வரியும் அடங்கும்.

ஆனால் கண்ணில் பட்ட எல்லா வகையையும் ஒரே வரியில் கோத்து --இக்னோர்-எரர்ஸில் போட்டுவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சோர்ஸ், வெர்ஷன் இரண்டையும் அடக்கிவிட்ட ரிப்போர்ட்டின் சதவீதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

அறிகுறி: ஜென்எச்டிஎம்எல் “கேனாட் ரீட்” என்று சோர்ஸைத் தேடி நிற்கிறது

.இன்ஃபோ ஃபைலை எடிட்டரில் திறந்து பாருங்கள். வெறும் டெக்ஸ்ட்தான்:

எஸ்எஃப்:/பில்ட்/கடன்/வட்டி.சி
டிஏ:12,8
டிஏ:13,0
எல்எஃப்:2
எல்எச்:1
எண்ட்_ஆஃப்_ரெக்கார்டு

எஸ்எஃப் சோர்ஸின் பாதை. டிஏ வரியில் முதல் எண் சோர்ஸில் அது எத்தனையாவது வரி என்பது, அடுத்தது எத்தனை முறை ஓடியது என்பது. 12-ஆம் வரி 8 முறை ஓடியிருக்கிறது, 13-ஆம் வரி ஒருமுறைகூட இல்லை. எல்எஃப் ஓடக்கூடிய மொத்த வரிகள், எல்எச் அதில் ஓடியவை.

கன்டெய்னரில் /பில்ட் என்று இருந்தது உங்கள் மெஷினில் வேறிடத்தில் இருந்தால், எஸ்எஃப் வரிகளை மட்டும் மாற்றினால் போதும்:

செட் -ஐ 's#^எஸ்எஃப்:/பில்ட்/#எஸ்எஃப்:/ஹோம்/வேலை/#' டெஸ்ட்.இன்ஃபோ

எல்கவ் 2-இல் --சப்ஸ்டிட்யூட் என்ற ஆப்ஷனும் இதையே செய்யும். பைசன், ஃபிளெக்ஸ் (பார்சர் கோடை எழுதித் தரும் கருவிகள்) உருவாக்கும் ஃபைல்களில் #லைன் குறிப்பு .ஒய், .எல் ஃபைல்களைச் சுட்டும். அவை வேறு ஃபோல்டரில் இருந்தால் இதே எரர் வரும். அவற்றின் கவரேஜ் யாருக்கும் தேவைப்படுவதில்லை, --ரிமூவ் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: சதவீதம் சந்தேகப்படும்படி அதிகம்

குறைந்தால் எல்லோரும் தேடுவார்கள். கூடினால் யாரும் தேடுவதில்லை, ஆகவே இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். டெஸ்ட் பைனரிகளில் சேராத ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு .ஜிசிடிஏ உருவாகாது, எல்கவ் அவற்றைக் கணக்கிலேயே எடுக்காது. மொத்தம் 1000 வரி, டெஸ்ட்டில் லிங்க் ஆனது 600, ஓடியது 540 என்றால் ரிப்போர்ட் 90 சதவீதம் என்று சொல்லும். உண்மை 54.

பில்ட் முடிந்ததும், டெஸ்ட் ஓட்டும் முன் அடித்தளம் ஒன்றை எடுத்து வையுங்கள்:

எல்கவ் --கேப்சர் --இனிஷியல் --டைரக்டரி . --அவுட்புட்-ஃபைல் அடி.இன்ஃபோ

டெஸ்ட்டுக்குப் பிறகு வழக்கமான கேப்சர். பிறகு இரண்டையும் சேருங்கள்:

எல்கவ் --ஆட்-டிரேஸ்ஃபைல் அடி.இன்ஃபோ --ஆட்-டிரேஸ்ஃபைல் டெஸ்ட்.இன்ஃபோ --அவுட்புட்-ஃபைல் மொத்தம்.இன்ஃபோ

--இனிஷியல் .ஜிசிஎன்ஓவை மட்டும் படித்து எல்லா வரிக்கும் பூஜ்யம் போடும். கம்பைலே ஆகாத சோர்ஸ் இதிலும் வராது.

அறிகுறி: ஓடியே தீர வேண்டிய வரி சிவப்பு, அல்லது எண்கள் புரியவில்லை

ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகக் கம்பைலர் வரிகளை மாற்றியும் நீக்கியும் அமைப்பது) இருக்கிறதா பாருங்கள். சிமேக்கின் ரிலீஸ் வகை -ஓ3-ம், ரெல்வித்டெப்இன்ஃபோ -ஓ2-வும் போடும். இரண்டிலும் என்டீபக் (அசர்ட்டை அணைக்கும் மேக்ரோ) சேர்வதால் அசர்ட் வரிகளே காணாமல் போகும். டீபக் வகையில் கட்டி, -ஓ0 கடைசியாக வரும்படி வையுங்கள். பல -ஓ இருந்தால் கடைசியில் உள்ளதே செல்லும்.

எண்ணிக்கை மைனஸில் வந்தால், அல்லது (நெகடிவ்) எரர் வந்தால், பல த்ரெட்கள் ஒரே கவுன்டரில் முட்டிக்கொள்கின்றன. கம்பைலில் -எஃப்புரொஃபைல்-அப்டேட்=அடாமிக் சேருங்கள். -பித்ரெட் ஃபிளாக் இருந்தால் ஜிசிசி தானே பிரிஃபர்-அடாமிக்குக்கு மாறிக்கொள்ளும். ஆனால் கிளிப்சி (லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரி) 2.34 முதல் பித்ரெட் சி லைப்ரரிக்குள்ளேயே வந்துவிட்டதால், சிமேக் அந்த ஃபிளாக்கைத் தேவையில்லை என்று விட்டுவிடுவதுண்டு. அதனால் நேரடியாக எழுதிவிடுவதே நல்லது.

அறிகுறி: பிராஞ்ச் கவரேஜ் காணோம், அல்லது பாதிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது

பிராஞ்ச் கணக்கு (இஃப் போன்ற இடங்களில் எந்தக் கிளை ஓடியது என்பது) இயல்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 1.x-இல் --ஆர்சி எல்கவ்_பிராஞ்ச்_கவரேஜ்=1, 2.x-இல் --ஆர்சி பிராஞ்ச்_கவரேஜ்=1. கேப்சரில் மட்டும் கொடுத்தால் போதாது. சேர்க்கும்போது, நீக்கும்போது, கடைசியில் ஜென்எச்டிஎம்எல்லில் என ஒவ்வொரு கட்டளையிலும் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் விட்டாலும் அந்த இடத்தில் பிராஞ்ச் தகவல் உதிர்ந்துவிடும்.

சி++ கோடில் இஃப் எதுவுமே இல்லாத வரிக்கு எதிரே நாலைந்து பிராஞ்ச் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். எக்செப்ஷன் எறியக்கூடிய ஒவ்வொரு ஃபங்க்ஷன் அழைப்புக்கும் “சாதாரணமாகத் திரும்பியது”, “எறிந்தது” என்று இரண்டு கிளையைக் கம்பைலர் வைக்கிறது. ஒரு ஸ்ட்ரிங்கை உருவாக்கினால்கூட உண்டு. மெமரி தீர்ந்துபோகும் நிலையை எந்த டெஸ்ட்டும் உருவாக்குவதில்லை, ஆகவே அந்தக் கிளைகள் என்றைக்கும் சிவப்பு. எல்கவ் 2-இல் --ஆர்சி நோ_எக்செப்ஷன்_பிராஞ்ச்=1 போட்டால் இவற்றை விட்டுவிடும். எல்கவுக்குப் பதில் ஜிகவ்ஆர் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு --எக்ஸ்க்ளூட்-த்ரோ-பிராஞ்சஸ். புராஜெக்ட் எக்செப்ஷனே பயன்படுத்தாதது என்றால் -எஃப்நோ-எக்செப்ஷன்ஸ் போட்டுக் கட்டிவிடலாம், கிளைகளே உருவாகாது. மிஞ்சும் ஓரிரு வரிக்கு மட்டும் அந்த வரியின் ஓரத்தில் எல்கவ்_எக்ஸ்க்எல்_பிஆர்_லைன் என்று கமென்ட் எழுதுங்கள், பக்கத்திலேயே ஏன் என்பதையும் ஒரு வார்த்தை. காரணம் எழுதாத விலக்கு, ரிவ்யூவில் கேள்வி கேட்காமல் தாண்டக் கூடாது.